உயிரோடிருந்தவனுக்கு ஒரு முப்பத்தொன்று

காலையில் எழும்பிப் போனைக் கையில் எடுத்தால் முதலில் வருவது சாவுதான். வணக்கம் எல்லாம் பிறகு. யாரோ ஒருவர் கனடாவில், யாரோ ஒருவர் டென்மார்க்கில், யாரோ ஒருவர் ஊரிலேயே. நடுவில் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே உறவுமுறை. நான் தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு மேசையில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்கு உண்மையில் வாசிப்புப் பழக்கியது மரண அறிவித்தல்கள்தான். எல்லாம் ஒரே மாதிரித் தொடங்கி ஒரே மாதிரி முடிகிறபடியால் பெயர்களை மட்டும் புதிதாகக் கூட்டினால் போதும். பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும் என்கிற நீட்டுச் சொற்களை நான் கண்ணை மூடிக்கொண்டே வாசிப்பேன்.

இன்றைக்கும் ஒன்று வந்தது. இங்கே சுவிஸில் கூர் நகரத்தில் இருந்த ஒருவர், எனக்குத் தெரியாதவர். கலியாண வீட்டில் எடுத்த படத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அவருடைய தோளில் வேறு யாரோ ஒருவருடைய கை மட்டும் மிச்சமாகக் கிடந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறபோது எனக்கு எங்கள் வீட்டு நோட்டீஸ் ஞாபகம் வந்தது. அதிலும் இப்படி வெட்டின படம்தான். ஆனால் அந்தப் படத்தில் இருந்தவர், நோட்டீஸ் வந்த நேரம், எங்கள் குசினியில் இருந்து பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தார்.

அவர் என்னுடைய மகன், நேசன்.

இதைச் சொல்ல வேண்டுமானால் பந்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு கல்லூரி, பக்கத்து ஊரில் ஒரு கல்லூரி. நடுவில் மாடு மேய்கிற ஒரு தரவை. இரண்டு ஊருக்கும் கோயில் ஒன்று, சந்தை ஒன்று, சுடலையும் ஒன்று. பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள். ஆனால் கால்பந்து என்று வந்தால் மாமனும் மருமகனும் முகம் பார்க்க மாட்டார்கள். நான் எங்கள் கல்லூரியில் படித்தவள் இல்லை. என்னுடைய மனிசன், நேசனின் தகப்பன், அங்கே கோல் காத்தவர். இடம்பெயர்ந்த காலத்தில் நான் பிள்ளையோடு அதன் வகுப்பறை ஒன்றில் பாயை விரித்துப் படுத்து எழும்பியிருக்கிறேன். ஆனபடியால் அது என்னுடைய கல்லூரியும்தான். யாராவது இல்லையென்று சொல்லிப் பார்க்கட்டும்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகும் அது விடவில்லை. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூரிச்சுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற ஷ்லீரனுக்கு வெளியே ஒரு மைதானத்தை எடுத்து, பழைய மாணவர்கள் விளையாடுவார்கள். மற்ற ஊர்க் கல்லூரிகளும் வரும். அவர்கள் வருவது எங்களிடம் ரோல்ஸ் வாங்கித் தின்ன என்றுதான் நான் நினைப்பது. கடைசி ஆட்டம் எப்படியும் எங்களுக்கும் பக்கத்து ஊருக்கும்தான் வந்து நிற்கும். அன்று வெட்டின புல்லின் மணமும், ரோல்ஸ் பொரிக்கிற எண்ணெய் மணமும், பெடியள் காலுக்குப் பூசுகிற தைலத்தின் மணமும் கலந்து ஒரு மணம் வரும். இப்போதும் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் புல்லு வெட்டுகிற மெசின் வந்தால் என்னையறியாமல் ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு அவிக்கப் போடுவேன். ஓவ்சைட் என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. எங்களுக்கு எதிராக ஊதினால் அது பிழையான ஓவ்சைட் என்று மட்டும் தெரியும்.

எங்கள் இரண்டு ஊருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. வென்ற பக்கம் தோற்ற பக்கத்துக்குச் செத்தவீடு நடத்தும். ஊரில் என்றால் பாடை கட்டி, உள்ளே வைக்கோல் அடைத்த பொம்மையை வைத்து, பறை அடித்துத் தரவை வரைக்கும் கொண்டு வருவார்கள். ஆண்களே ஒப்பாரி வைப்பார்கள். இங்கே பறைக்குப் பதிலாக வாளி. ஒரு வருஷம் நாங்கள் வென்றபோது ஒப்பாரியை முன்னுக்கு நின்று எடுத்துக் கொடுத்தவள் நான். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் வந்து, "அக்கா, நல்லாத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊரில் அந்தப் பெரிய அழிவு நடந்த இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருவரும் பந்தைத் தொடவில்லை. பிறகும் ஒன்றிரண்டு கோடைக்கு, ஆட்டம் மட்டும் போதும், செத்தவீடு வேண்டாம் என்று இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தது. எத்தனையோ பேருக்கு நோட்டீஸ்கூட அடிக்காமல் விட்ட காலம். பாடை கட்டி விளையாட யாருக்கு மனம் வரும். ஆனால் மனிதருக்கு மறதி வரத்தானே வேண்டும். மெல்ல மெல்ல அதுவும் திரும்பி வந்தது.

நேசன் எனக்கு ஒரே பிள்ளை. படிப்பைக் குழப்புகிற வயதில் இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தோம். தமிழிலும் அரைவாசி, ஜெர்மனிலும் அரைவாசி. ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினான், ஒபீஸ்களில் கூட்டித் துடைத்தான், பிறகு ஒரு சாமான் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினான். ஒன்றிலும் நின்று பிடிக்கவில்லை. முப்பது கடந்தும் கலியாணம் பொருந்தவில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் சுவர் ஓரமாக நிற்பான். ஆனால் அந்த ஒரு ஞாயிறு, தகப்பனைப் போலக் கோல் கம்பத்துக்குள் போய் நின்றால், அவனுக்கு வேறு முதுகு வந்துவிடும். அவனுடைய பெயரைச் சொல்லி ஆட்கள் கத்துவார்கள். இந்த நாட்டில் அவனுக்கென்று இருந்தது அந்த ஏழெட்டு மீற்றர்தான்.

அந்த வருஷம் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. முடியப் போகிற நேரம் ஒரு பந்து உயர வந்தது. ஒன்றுமில்லாத பந்து. நேசன் முன்னுக்கு வந்து இரண்டு கையாலும் பிடித்தான். நான் கண்ணால் கண்டேன், பந்து கைக்குள் இருந்தது. நான் கை தட்டவும் தொடங்கிவிட்டேன். அப்போது அது ஈரச் சவர்க்காரம் மாதிரி நழுவி, அவனுடைய மார்பில் பட்டு, தோளால் பின்னுக்கு விழுந்து, அவசரமே இல்லாமல் உருண்டு உள்ளே போனது. அவன் திரும்பிப் பார்த்தபோது அது கோட்டைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது.

செத்தவீட்டைத் தலைமை தாங்கினது சந்திரன். பக்கத்து ஊர்க்காரர். சூக் நகரத்தில் ஒரு ரெஸ்ரோரண்டில் சமையல். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அவரை நோட்டீஸ் சந்திரன் என்று சொன்னால்தான் தெரியும். யார் செத்தாலும் மரண அறிவித்தல் எழுதுகிறது அவர்தான். பிழையில்லாமல், முறை தவறாமல் எழுதுவார். என்னுடைய மனிசன் போய்ச் சேர்ந்தபோதும் எங்கள் குசினி மேசையில் இருந்து, என்னிடம் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதித் தந்தவர் அவர்தான். அன்றைக்கு அவர் அழுதும் இருந்தார்.

இரண்டு வெயில் குடையைச் சேர்த்துப் பாடை கட்டினார்கள். நேசனுடைய மாற்று ஜேர்சிக்குள் பிளாஸ்ரிக் பைகளை அடைத்துப் பொம்மை. கொள்ளிக்குடத்துக்குத் தண்ணீர்ப் போத்தல். எங்கள் சுடலையில் கொள்ளி வைக்கிறவன் மூன்று தரம் சுற்ற, ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள் அல்லவா? இங்கே ஒவ்வொரு கோலுக்கும் போத்தலில் ஒரு ஓட்டை. சந்திரன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு கோல் கம்பத்தைச் சுற்றினார். நேசன் கம்பத்தடியில் கையுறையும் கழற்றாமல் இருந்தான். தண்ணீர் அவன் மேலேயும் தெறித்தது. சந்திரன் ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தார்.

"கைக்குள்ள வந்ததைக் காத்தில விட்டியே, என்ர ராசா. கையுறை போட்டது ஆருக்குக் காட்டவோ, என்ர ராசா."

நடுவராக வந்த சுவிஸ்காரர் என்னிடம் வந்து இது என்ன என்று கேட்டார். "ஃபோல்க்லோர்" என்றேன், ஊர் வழக்கம் என்று. நல்லது என்று சொல்லிப் படம் எடுத்தார்.

நானும் சிரித்தேன். தோற்றவர்கள் சிரிக்க வேண்டும், அதுதான் முறை. நேசனும் கொஞ்சம் சிரித்தான். அதோடு முடிந்திருந்தால் இதைச் சொல்ல வேண்டி வந்திராது.

அடுத்த நாள் காலை போனுக்குப் போன் அந்த நோட்டீஸ் பறந்தது. சூரிச்சில் தமிழ்க் கடை ஒன்றின் கண்ணாடியிலும் ஒட்டியிருந்தார்களாம். படத்தில் நேசன், கோட் போட்டு, சிரித்தபடி. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் சுவிஸ் ஷ்லீரனை வதிவிடமாகவும் கொண்டவர், ஞாயிற்றுக்கிழமை மாலை மைதானத்தில் காலமானார். அன்னார் காலஞ்சென்ற என்னுடைய மனிசனினதும் என்னுடையதும் அன்பு மகன். டோர்ட்முண்டில் இருக்கிற சித்தப்பா, பாரிஸில் இருக்கிற மாமா, ஸ்காபரோவில் இருக்கிற சித்தி, ஒரு உறவும் தப்பவில்லை, ஒரு முதலெழுத்தும் பிழையில்லை. மனிசனுக்கு எழுதியபோது நான் சொன்ன பெயர்களைச் சந்திரன் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். கடைசி வரிகளில்தான் பகிடி இருந்தது. அன்னார் மூன்று கோல்களின் பாசமிகு தந்தையும் ஆவார் என்றும், ஈமக்கிரியைகள் கோல் கம்பத்தடியில் நடைபெற்றன என்றும்.

ஆனால் மரண அறிவித்தலைக் கடைசி வரி வரைக்கும் யார் வாசிக்கிறார்கள்? படத்தையும் பெயரையும் கண்டவுடன் போனை எடுத்து அழத் தொடங்கிவிடுவார்கள். நான் வாசிப்பேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளுக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது.

முதல் அழைப்பு டோர்ட்முண்டில் இருந்து. மனிசனுடைய தம்பி குழறி அழுதார். "அவன் இஞ்ச இருந்து பாண் தின்னுறான்" என்றேன். பிறகு, "அப்ப ஏன் நோட்டீஸ் போட்டனியள்?" என்று என்னோடு கோபித்தார். பாரிஸில் இருந்து என்னுடைய மச்சான். "உயிரோடையோ? நான் லீவும் எடுத்துப்போட்டனே" என்றார். அதற்கு முதல் வருஷம் தன்னுடைய பெறாமகளை, தம்பியின் மகளை, நேசனுக்கு நாங்கள் கேட்டபோது, நிரந்தர வேலை இல்லாதவனுக்கு எப்படி என்று இழுத்த மனிதர் ஒருவர், "தங்கமான பொடியன் எல்லோ. இப்பிடிப் பொறுப்பான பொடியனை எங்க பாக்கிறது" என்று விக்கி விக்கி அழுதார்.

நேசனுக்கு அது பிடித்துப் போய்விட்டது. நான் எப்போதும் போனைச் சத்தமாகப் போட்டுத்தான் கதைக்கிறது, கையில் வேலை இருக்கும். அவன் பக்கத்தில் இருந்து வாயைப் பொத்திச் சிரித்தான். "அம்மா, உடன சொல்லிப்போடாதேங்கோ. அந்தாள் கொஞ்சம் அழட்டும்."

அந்த நேரம்தான் என்னுடைய தங்கச்சி ஸ்காபரோவில் இருந்து எடுத்தாள். நான் வாயைத் திறக்க முதல் நேசன் உதட்டில் விரலை வைத்தான். நானும் பேசாமல் இருந்தேன்.

அவள் முதலில் அழுதாள். நன்றாகத்தான் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதை. நீ இனி அழாதை. அவன் இருந்தும் உனக்கு என்ன சுகத்தைக் கண்டனி? ஒரு வேலையில நிண்டவனோ? ஒரு பெண்டாட்டி பிள்ளையெண்டு ஆனவனோ? உனக்குப் பிறகு அவனை ஆர் பாக்கிறதெண்டு நான் படுத்தாலும் நித்திரை வாறேல்லை. கடவுள் உன்ர பாரத்தை இறக்கி வைச்சிருக்கிறார் எண்டு நினை."

நான் போனை எட்டி எடுக்கப் போனேன். நேசன் என் கையைப் பிடித்தான். "விடுங்கோ, கதைச்சு முடிக்கட்டும்" என்று சத்தமில்லாமல் உதட்டால் சொன்னான். அவள் இன்னும் கொஞ்சம் கதைத்தாள். செத்தவனைப் பற்றிக் கதைக்கிறபோது ஆட்கள் பொய் சொல்லுவார்கள் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். என்னுடைய தங்கச்சி உண்மையைச் சொன்னாள், தான் நம்பின உண்மையை, என்னில் உள்ள அன்பில்.

"அவன் உயிரோடதான் இருக்கிறான்" என்றேன். "எனக்குப் பக்கத்திலதான் இருக்கிறான். எல்லாம் கேட்டவன்."

போன் அப்படியே கட்டாகிப் போனது.

நேசன் எழும்பித் தன்னுடைய தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அவன் கோப்பை கழுவி வைக்கிற பிள்ளை இல்லை. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. தாடி வழிக்கவில்லை. நான் கதவடியில் வைக்கிற சாப்பாட்டில் பாதியைத் தின்றான், பாதி அப்படியே வரும். களஞ்சியத்து முதலாளி எடுத்துக் கேட்டபோது "கிராங்க்" என்றேன், சுகமில்லை என்று. ஒரு கட்டத்தில் அவர்களும் கேட்கிறதை விட்டார்கள், அந்த வேலையும் போனது. கோயிலில் என்னைக் கண்டவர்கள் நேசன் எங்கே என்று கேட்டார்கள். என்ன சொல்கிறது? தன்னுடைய செத்தவீட்டுக்குத் தானே தீட்டுத் துடக்குக் காத்துக்கொண்டிருக்கிறான் என்றா சொல்கிறது?

ஷ்லீரன் ரெயில் ஸ்ரேசன் எங்கள் வீட்டில் இருந்து நடை தூரம். இந்த நாட்டில் எத்தனை பெடியள் எங்கே போய் முடிந்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும். நான் வாசல் கதவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அதில் இருந்துதான் வெங்காயம் உரித்தேன், அதில் இருந்துதான் உடுப்பு மடித்தேன். கடைக்குப் போனால் ஓட்டமாகத் திரும்பி வந்தேன். வயது போனவள் ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அல்பானியப் பெண் என்னுடைய உடற்பயிற்சியைப் பார்த்துப் பாராட்டினாள்.

கலண்டரில் திகதி கிழிக்கிறபோதுதான் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று வரப் போகிறது.

எங்கள் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாவு விழுந்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைத்து, வந்தவர்களுக்கு இலை போட்டால்தான் துடக்குக் கழியும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்காரர் வெளியே வாசலுக்குப் போய் வரலாம், நல்லது கெட்டதில் நிற்கலாம். சந்திரன் ஆட்கள் பாடையும் கட்டி, குடமும் உடைத்து, நோட்டீஸும் அடித்துவிட்டு, மிச்சத்தைச் செய்யாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அரைவாசியில் விட்ட கிரியை வீட்டுக்குக் கூடாது.

சந்திரனுக்குப் போன் எடுத்தேன்.

"சந்திரன், செத்தவீட்டை வடிவா நடத்தினியள். முப்பத்தொண்டு என்ர பொறுப்பு. வேலை நாளில விழுகிறபடியா ஞாயிறு மத்தியானம் வைக்கிறன், எங்கட கட்டடத்து மண்டபத்தில. உங்கட ரீம் ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அக்கா, அது பகிடிக்கு எல்லோ..."

"நானும் பகிடிக்குத்தான் சமைக்கிறன். வாங்கோ."

"நேசன் என்ன சொல்லுறான்?"

"செத்தவனிட்டை ஆராவது கேட்டுச் செய்யிறவையோ?"

சாவு வீட்டுச் சாப்பாட்டுக்குச் சொன்னால் மறுக்க முடியாது. அதுவும் அவருக்குத்தான் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்தில்தான் பெரிய குழப்பம். பழைய மாணவர் சங்கத் தலைவரின் மனிசி தேவி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆராவது அந்தியேட்டி செய்வினமோ? உங்களுக்கு விசரே அக்கா?"

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நோட்டீஸ் அடிக்கேக்கை நீயும் பாத்துச் சிரிச்சனிதானே. அப்ப ஆருக்கு விசர்?"

"தரித்திரம் அக்கா. வாயால சொல்லவே கூடாது."

"வாயால சொல்லாட்டி வந்து தேங்காய் திருவு" என்றேன். வந்து திருவினாள்.

கட்டடத்தைப் பார்க்கிற சுவிஸ்காரரிடம் கீழ் மண்டபத்துத் திறப்பு வாங்கப் போனபோது என்ன விசேஷம் என்று கேட்டார். பிறந்தநாள் என்றேன். யாருக்கு என்றார். மகனுக்கு என்றேன். வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய் வதக்கல், பூசணிக்காய், பருப்பு, வடை, மோதகம், பாயாசம். ஒன்றிலும் நான் குறை வைக்கவில்லை. வாழையிலை கடையில் முன்னரே சொல்லி எடுத்தது. மண்டபத்து மூலையில் ஒரு படையல் இலை போட்டு, நேசனுக்கு விருப்பமானது எல்லாவற்றையும் வைத்தேன். சிப்ஸ் பக்கற் ஒன்று, பியர் ரின் ஒன்று. விபூதி, பூ, விளக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் ஒரு எல்லை தெரியும்.

இறங்கிப் போக முதல் அவனுடைய கதவில் தட்டினேன்.

"தம்பி, கீழ உன்ர முப்பத்தொண்டு. பரிமாற ஆளில்லை. எனக்குத் தோள் நோகுது."

திரும்பவும் தட்டினேன்.

"நீ வராட்டி வந்த சனம் நீ உண்மையாச் செத்துப்போனாய் எண்டு நினைச்சுச் சாப்பிட்டிட்டுப் போகும். எனக்கு ஒண்டுமில்லை. சமைச்சது வீண் போகாது."

அப்படிச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஒரு தாய் பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது என்று இப்போதும் யாராவது கேட்கலாம். கேட்கட்டும். இரக்கத்தை நான் ஏற்கனவே கதவடியில் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன், பாதிதான் உள்ளே போனது.

சந்திரன் ஆட்கள் வந்திருந்தார்கள். என்ன உடுப்புப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலும். ஒருவர் வெள்ளை வேட்டி, ஒருவர் கறுப்புக் கோட், ஒரு பொடியன் கல்லூரி ஜக்கெற். எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். தேவி இலை போட்டாள். ஒருவரும் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. மூலையில் இருந்த படையல் இலையைப் பார்க்காமல் எல்லோரும் பார்த்தார்கள். சந்திரன் தலையைக் குனிந்தபடி இருந்தார். நான் கறிச் சட்டிகளுக்கு முன்னால் அகப்பையோடு நின்றேன். பரிமாறத் தொடங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. சோறு ஆவி பறந்து முடிந்து ஆறத் தொடங்கியது.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

சாரமும் பழைய ரீசேர்ட்டும். தாடி முகத்தை மூடியிருந்தது. ஒருவரையும் பார்க்காமல் வந்து, என் முன்னால் இருந்த வடைத் தட்டைத் தூக்கினான். சோற்றுக்கு முதல் வடை போடுகிற முறை இல்லை, ஆனால் நான் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் தொடங்கிப் போட்டுக்கொண்டே போய்ச் சந்திரன் இலைக்கு வந்தான். ஒரு வடையை எடுத்தான். அது விரலில் நின்று நழுவி, இலையில் படாமல், சந்திரனுடைய மடியில் விழுந்து, உருண்டு போய் வாங்குப் பலகைக்குக் கீழே நின்றது.

சந்திரன் அந்த வடையைப் பார்த்தார். அந்த மனிதருக்கு வாய் சும்மா இருக்குமா? எவ்வளவு அடக்கியும் முடியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"நாலாவது" என்றார்.

தேவி "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். எனக்கு அகப்பையால் அந்த மனிதனின் மண்டையைப் பிளக்கலாம் போல இருந்தது. நேசன் தட்டோடு அப்படியே நின்றான். பிறகு அவனுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறான் என்றுதான் நினைத்தேன். இல்லை. தாடிக்குள்ளால் பல்லுத் தெரிந்தது.

"அப்ப நோட்டீஸில திருத்திப் போடுங்கோ அண்ணை" என்றான். "நாலு பிள்ளையளின்ர தகப்பன்."

முதலில் சந்திரன்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு இரண்டு பக்கமும் வெடித்தது. அந்தக் கல்லூரி ஜக்கெற் போட்ட பொடியன் வாங்குக்குக் கீழே குனிந்து வடையை எடுத்துப் படையல் இலையில் வைத்தான். நேசன் அந்த இலையில் இருந்த பியர் ரின்னை எடுத்து உடைத்துக் குடித்துவிட்டு, "செத்தவனுக்கு வைச்சது செத்தவனுக்குத்தானே" என்றான். அதற்குப் பிறகு அவர்கள் தின்ற தின்னுக்குக் கத்தரிக்காய்ச் சட்டியை நான் வழித்துத்தான் கொடுக்க வேண்டி வந்தது.

போகிறபோது வாசலில் எல்லோரும் முழித்தார்கள். சாவு வீட்டில் இருந்து வெளிக்கிடுகிறபோது வாறம் என்று சொல்லக் கூடாது, சொல்லாமல் இறங்கிவிட வேண்டும். இது என்ன வீடு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சந்திரன் படியில் இருந்து திரும்பினார்.

"போட்டு வாறம் அக்கா" என்றார், கட்டடம் முழுக்கக் கேட்க.

அன்று மாலை நேசன் முகம் வழித்துவிட்டு வந்து, என்னுடைய போனை எடுத்து ஸ்காபரோவுக்கு அடித்தான். அந்த நாளுக்குப் பிறகு என் தங்கச்சி எங்களோடு கதைக்கவில்லை. என்ன முகத்தோடு கதைப்பாள்.

"சித்தி," என்றான் மிகவும் அன்பாக, "பாரம் கதைக்கிறன். சுகமா இருக்கிறியளோ?"

அவள் அழுத அழுகை சத்தமாகக் கேட்டது. இந்தத் தரம் நான் குறுக்கே போகவில்லை. அவன் அவசரப்படாமல் அவள் ஓயும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். என் பிள்ளைக்கு வாய் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகு அவன் கூரில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தான், இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறான். அடுத்த கோடையும் நாங்கள் தோற்றோம். அதே படத்தைப் போட்டு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று சந்திரன் எழுதிக்கொண்டு வந்தார். நேசன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவரோடு நின்று படம் எடுத்தான். இன்னொரு வருஷம் வென்றோம். பொம்மை செய்ய நேரமில்லாமல் சந்திரனையே பிடித்துப் பாடையில் கிடத்தினோம். அவர் படுத்துக் கிடந்துகொண்டு, "அக்கா, அந்த ஒப்பாரியில மூண்டாவது அடி இழுக்குது, திருப்பி எடுங்கோ" என்றார்.

பிறகு எல்லாம் கழன்றது. முழங்கால் போனவர்கள், லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர்கள், கொரோனாவோடு வெளியே வராமல் விட்டவர்கள். சந்திரன் மகளோடு லண்டனில். ஞாபகம் குழம்பி, போன் எடுத்தால் என்னை என்னுடைய மனிசனின் தாய் என்று நினைத்துக் கதைக்கிறார். பிள்ளைகள் சுவிஸ் கிளப்புகளில் விளையாடுகிறார்கள், தரவைக்கு எந்தப் பக்கம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. இப்போது இரண்டு கல்லூரியும் சேர்த்தும் பதினொரு பேர் தேறுவது கஷ்டம். ஆனபடியால் இரண்டு ஊரும் ஒரே ரீம். ஜேர்சியில் பாதி எங்கள் நிறம், பாதி அவர்களுடைய நிறம். யார் வென்றாலும் பாடை இல்லை.

போன கோடை வேறு ஆளில்லாமல் நேசனைத்தான் கோலுக்கு நிறுத்தினார்கள். நாற்பது தாண்டிவிட்டான், வயிறும் வைத்துவிட்டது. எதிரில் இங்கே பிறந்த பெடியள், குதிரைகள் மாதிரி. ஐந்து கோல் விட்டிருக்கிறான். நான் இப்போது மைதானத்துக்குப் போகிறதில்லை, இடுப்பு விடாது. மாலையில் வீட்டுக்கு வந்து, சப்பாத்தும் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தான். நான் ஆசையோடு பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஆர் ஆர் என்ன பகிடி விட்டவை?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அம்மா" என்றான். "முடிய எல்லாரும் வந்து கை தந்தாங்கள். நல்லா விளையாடினனீங்கள் அங்கிள் எண்டாங்கள்."

ஐந்து கோல் விட்டவனிடம் போய் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.